தோற்கும் பக்கத்தில் நிற்பது

நேயர்களுக்கு வணக்கம். கெண்டோ எனும் ஜப்பானிய வாள்கலை என்றதும் கவசமும், முழக்கமும், மூங்கில் வாள்கள் மோதும் ஓசையும்தான் பலருக்கு நினைவு வரும். நான் இன்று பேச விரும்புவது அதே பயிற்சிக்கூடத்தில் கவசமில்லாமல், ஓக் மரத்தில் செய்த வாளோடு இருவர் எதிரெதிரே நின்று பழகும் கட்டாவை, அதாவது முன்பே வகுத்த அசைவு வரிசையைப் பற்றி. அதிலும் குறிப்பாக, தொடக்க நிலையைத் தாண்டிவிட்ட, ஆனால் ஆசானாகிவிடாத மாணவர்களுக்காக.

1911-இல் ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் வாள்பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு மரபுக்கும் தனித்தனி முறைகள் இருந்தன. எல்லோருக்கும் பொதுவாக எதைக் கற்பிப்பது? அதற்காக 1912-இல் பத்துக் கட்டாக்கள் வகுக்கப்பட்டன. ஏழில் இருவரும் நீண்ட வாள் ஏந்துவார்கள். கடைசி மூன்றில் ஒருவரிடம் குறுவாள் இருக்கும். டான் எனும் தகுதிநிலைகளில் முதல் டான் தேர்வுக்கு மூன்று, இரண்டாம் டானுக்கு ஐந்து, மூன்றாம் டானுக்கு ஏழு, அதற்கு மேல் பத்தும் வேண்டும்.

ஒவ்வொரு கட்டாவிலும் உச்சிதாச்சி தாக்குவார், ஷிதாச்சி வெல்வார். இந்த முடிவு மாறுவதே இல்லை. தாக்கித் தோற்கும் இடத்தில் நிற்பவர் மூத்தவர். இந்த ஏற்பாட்டை நான் ஆழமாக மதிக்கிறேன்.

முதல் கட்டாவைப் பாருங்கள். இருவரும் வாளைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி மூன்று அடி முன்னே வருகிறார்கள். உச்சிதாச்சி எதிராளியின் உச்சந்தலையை நோக்கி, வாளைப் பிடித்திருக்கும் அவர் கைகளையும் சேர்த்துப் பிளப்பதுபோல் முழு மனத்தோடு வெட்டுகிறார். ஷிதாச்சி கைகளை இழுத்துப் பின்வாங்க, வெட்டு காற்றில் இறங்குகிறது. மூத்தவரின் உடல் சற்றே முன் சாய்ந்திருக்கும் அந்த நொடியில் இளையவர் முன்வந்து அவர் தலையை வெட்டுகிறார். தோற்றவர் முனையைத் தாழ்த்தியபடியே பின்வாங்க, வென்றவர் அவர் முகத்தின் நடுவை நோக்கி முனையால் அழுத்தி, பிறகு இடது காலை முன்வைத்து வாளை மீண்டும் தலைக்கு மேல் உயர்த்துகிறார். விழிப்பு தளராமல் இருப்பதை அப்படித்தான் காட்ட வேண்டும்.

ஒரு நாள் ஆசான் உங்களை அழைத்து, புதிதாக வந்த ஒருவருக்கு எதிரே உச்சிதாச்சியாக நிற்கச் சொல்வார். வெல்லும் பக்கத்தையே பழகிய கைக்கு இது பெரிய மாற்றம். இரக்கப்பட்டு வெட்டைப் பாதியில் நிறுத்தினால், எதிரே நிற்பவர் பின்வாங்க வேண்டிய தேவையே இல்லாமல் பின்வாங்குகிறார். பொய்யான தூரத்தை அவர் உடல் கற்றுக்கொள்கிறது. அவசரப்பட்டு வெட்டினால் அவர் விரல் நசுங்கும். மரவாளுக்கு எலும்பை முறிக்கும் கனம் உண்டு. ஆக, அவருடைய மூச்சையும் கண்ணையும் கவனித்து, தயாராகிவிட்டார் என்று தெரிந்த பிறகு, தயங்காமல் தலையை நோக்கியே வெட்ட வேண்டும். தூரம், வேளை, நேர்க்கோடு மூன்றும் வெல்லும் பக்கத்தில் நின்றபோது மூத்தவர் நமக்காக அமைத்துத் தந்தவை என்பது அப்போதுதான் விளங்குகிறது.

தேர்வு நெருங்கும்போது மட்டும் கட்டாவைத் தூசி தட்டி எடுக்கும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. அசைவுகளின் வரிசை மனப்பாடமாகிவிடும். எதிரே நிற்பவரைக் காணும் கண் அவ்வளவு விரைவில் வராது. எட்டாம் டான் தேர்வை எழுத 46 வயதாவது ஆகியிருக்க வேண்டும், ஏழாம் டானுக்குப் பின் பத்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். எழுதுவோரில் தேறுவது நூற்றுக்கு ஒருவர் அளவே. அத்தனை நீண்ட வழியில் நடப்பவர்களுக்கு இந்தக் கண்ணைப் பழக்க இரண்டாம், மூன்றாம் டான் காலத்தைவிட நல்ல காலம் இல்லை என்பது என் எண்ணம்.

அந்த நிலையில் இருக்கும் நேயர்கள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த வகுப்பில் உச்சிதாச்சி இடத்தை ஆசானிடம் கேட்டுப் பெறுங்கள். முதல் கட்டா ஒன்றே போதும். அவரையே ஷிதாச்சியாக நிற்கச் சொல்லி, உங்கள் வெட்டு உண்மையில் அவர் தலையை எட்டுமா என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.