விடைத்தாள் இல்லாத பாடம்

நேயர்களுக்கு வணக்கம். இளங்கலை படிக்கும்போதே ஆராய்ச்சியில் இறங்கினால் மேற்படிப்புக்கு உதவுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உதவும். ஆனால் பலர் நினைக்கிற வழியில் அல்ல.

ஆய்விதழில் கட்டுரை வெளியானால்தான் பலன் என்று பலர் நினைக்கிறார்கள். வந்தால் நல்லதுதான், ஒரு விடுமுறைக்குள் அது நடப்பது அபூர்வம். உண்மையான பலன் வேறு. பிராக்டிகல் வகுப்பில் விடை முன்பே தெரியும். ரீடிங் ஒத்துவராவிட்டால் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பது ஊரறிந்த ரகசியம். ஆய்வகத்தில் எட்டிப் பார்க்க எந்த நோட்டும் கிடையாது.

வரைபடத்தில் ஒன்பது புள்ளிகள் கோட்டின்மேல் இருக்க, ஒன்று மட்டும் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். புதிய மாணவர் அதை அழித்துவிடத்தான் பார்ப்பார். ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் விடமாட்டார். "அன்றைக்குக் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறாய்?" என்பார். எந்தக் கரைசல், எப்போது கலக்கியது, கருவியைச் சரிபார்த்தோமா, எல்லாம் எழுதியிருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. இந்தச் சலிப்பை முன்பே பட்டவர், முனைவர் பட்ட ஆய்வில் சோதனைகள் வரிசையாகக் காலை வாரும்போது 'எனக்குத் தகுதியில்லையோ' என்று அவ்வளவு சீக்கிரம் இடிந்துபோவதில்லை.

அப்புறம், பரிந்துரைக் கடிதம். வகுப்பில் மட்டும் பார்த்த ஆசிரியர் 'நன்றாகப் படிப்பவர்' என்பதற்கு மேல் என்ன எழுத முடியும்? கூடவே வேலை பார்த்தவரிடம் சொல்லச் சம்பவங்கள் இருக்கும்.

பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் இளங்கலை மாணவராக இருந்தபோதே ஒரு கட்டுரை எழுதி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். 1929இல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. மறு ஆண்டு அவர் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தது அதே ஃபௌலரிடம்தான். சரி, எல்லாரும் சந்திரசேகர் இல்லை. இருக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கிய திட்டம், இளங்கலை மாணவர்கள் பேராசிரியர்களின் ஆய்வில் கூடவே வேலை செய்ய வழி செய்தது. இன்றும் அது நடக்கிறது.

சிலருக்கு இந்த வேலை பிடிக்காமல் போகும். அதுவும் லாபம்தான். முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் அதைக் கண்டுபிடிப்பதை நினைத்துப் பாருங்கள்!

தொடங்க நினைப்பவர்கள், 'ஏதாவது புராஜெக்ட் கொடுங்கள்' என்று வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். அந்த ஆசிரியரின் கட்டுரை ஒன்றைப் படியுங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. புரியாத இடத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். வணக்கம்.