ஒன்பது அத்திப்பழங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணியடிக்கக் காத்திருக்கிறார்கள், நேரே வந்துவிடுகிறேன்.

தோட்டக்கலையைத் தொடங்கிவைத்தது பசியா, ஆசையா? ஆசைதான் என்கிறோம் நாங்கள். எதிரணி நண்பர் சற்றுமுன், "கல்லாயுதம் தூக்கியவனுக்குப் பூந்தொட்டி ஒரு கேடா?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். பழக்கதோஷம், நானும் தட்டிவிட்டேன்.

ஐயா, தோட்டக்கலைக்கு ஆங்கிலத்தில் ஹார்டிகல்ச்சர். அதில் இருக்கும் 'ஹார்ட்டஸ்' லத்தீனில் வேலியடைத்த தோட்டம். பசி தீர்க்கும் வயலுக்கு 'ஆகர்' என்று வேறு சொல் வைத்திருந்தார்கள். அது போகட்டும், கல்லாயுதக்காரரிடமே போவோம்.

ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கால் என்றோர் இடம். அங்கே ஒரு பழைய வீட்டில் கருகிய அத்திப்பழங்கள் கிடைத்தன. ஒன்பதே ஒன்பது. வயது சுமார் 11,400 ஆண்டுகள். மகரந்தம் சேராமலே பழுத்தவை, உள்ளே முளைக்கிற விதை கிடையாது. அப்படியானால் யாரோ கிளையை ஒடித்து நட்டிருக்க வேண்டும் என்று 2006-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். காட்டிலும் அத்தகைய அத்தி உண்டு என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதிரணியில் உட்காரட்டும்.

நம் ஆள் குச்சியோடு வீட்டுக்கு வருகிறார். மனைவி கேட்கிறாள்: "மான் எங்கே?" "ஓடிவிட்டது." "கையில் என்ன?" "குச்சி." "தின்னலாமா?" "கூடாது, நடவேண்டும்." "எப்போது காய்க்கும்?" "ஓரிரு வருடம் ஆகும்."

நண்பரே, பசித்தவன் சொல்கிற பதிலா இது? பசித்தவன் பழத்தைத் தின்றுவிட்டுக் கிளம்பியிருப்பான். மறுநாள் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். "மான் எங்கே?" "வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்." மூன்றாம் நாளும் அதே கேள்வி, அதே குச்சி! அந்த அம்மாள் கல்லாயுதத்தைத் தூக்கியது மானுக்காக இருக்காது. பூந்தொட்டி நம் ஆளுக்குக் கேடுதான், ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நட்டாரே!

குச்சி என்றதும் எனக்கு அம்மா ஞாபகம். வாடகை வீடு மாறும்போதெல்லாம் பாத்திரங்களைக் கட்டுவதற்கு முன்னால் ரோஜாவில் ஒரு கிளையைச் சாய்வாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொள்வார். ஐந்து வீடுகள். விதையில் வருவது பிள்ளைச் செடி. வெட்டி நட்டது பிள்ளை இல்லை, அதே செடி. அம்மா போய் ஆறு வருடமாகிறது. அவர் விரலில் முள் குத்திய அதே ரோஜா இன்று காலை என் விரலிலும் குத்தியது. கையை எடுக்க மனம் வரவில்லை.

மணி அடித்துவிட்டது. நண்பரே, இறங்கும்போது என்னைப் பாருங்கள், உங்களுக்கும் ஒரு குச்சி வெட்டித் தருகிறேன். வணக்கம்.