தட்டுப்போரும் தீக்குழியும்

நேயர்களுக்கு வணக்கம். நான் கட்டட வேலை செய்பவன். காட்டுத்தீ வந்தால் ஒதுங்க, வீட்டுப் பக்கத்தில் மண்ணுக்குள் ஒரு குழியறை கட்டிய கதையைச் சொல்கிறேன். எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு, கோவை ஆலாந்துறைப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அங்கே மலைக்காடு நாள்கணக்கில் எரிந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து, மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டு போய் மேலே ஊற்றியது. ராத்திரியில் மலைமுகடு சிவப்பாகத் தெரியும். அம்மா கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏங்கண்ணு, இது கீழ எறங்குனா நாம எங்க போறது?” என்றார்.

கிணறு இருக்கிறதே என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில் அது. கிணற்றுக்குள் புகை இறங்கித் தங்கும், மூச்சுக்குக் காற்று இருக்காது. சும்மா தூர்வார இறங்கியவர்களே விஷக்காற்றில் போன சேதி நமக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிவதும் ஆபத்துதான். பிளாஸ்டிக் தொட்டி உருகிவிடும். இரும்புத் தொட்டியில் தண்ணீரே கொதிக்கத் தொடங்கும்.

அப்புறம்தான் குழியறை கட்ட நினைத்தேன். முதலில் செய்தது தவறு. ஐந்தடி ஆழத்தில் குழி வெட்டி, மேலே தகரம் போட்டு மூடினேன். வீட்டார் ஐந்து பேரும் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தோம். பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டியது. அம்மா கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார். வெளியே நெருப்பு எரியும்போது அப்படித் திறக்க முடியுமா?

நெருப்பு மேலே படாவிட்டாலும் அதன் அனல் தூரத்திலிருந்தே ஆளைக் கொல்லும். ஆனால் காய்ந்த புல்லில் வரும் தீமுகம் ஓரிடத்தில் ரொம்ப நேரம் நிற்பதில்லை, எரித்துவிட்டு நகர்ந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அனலை மறைக்க மண்ணும் கான்கிரீட்டும், உள்ளிருப்பவர்களுக்குப் போதுமான காற்றும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2009 பிப்ரவரி 7 அன்று 173 பேர் காட்டுத்தீயில் இறந்தார்கள். அடுத்த ஆண்டே வீட்டுத் தீப்புகலிடங்களுக்கென்று அந்த நாட்டில் தனி விதிமுறை எழுதினார்கள். ஒரு மணி நேரம் உள்ளே உயிரோடு இருக்க முடிகிறதா என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. மூடிய அறையில் நாம் விடும் மூச்சே சேர்ந்து நமக்கு எதிரியாகிவிடும். ஆகவே அறையைச் சின்னதாகக் கட்டிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது முறை கான்கிரீட்டில் கட்டி மேலே மண் மூடினோம். கதவு மலையைப் பார்க்காத பக்கம், உட்புறமாகத் திறக்கும்படி வைத்தோம். வெளியே ஏதாவது சரிந்து விழுந்தாலும் அடைபடாது. மரக்கதவு கூடவே கூடாது. வெறும் இரும்புக் கதவும் பழுத்துவிடும் என்பதால் உள்பக்கம் எரியாத பலகை அடித்தோம். உள்ளே தண்ணீர்க் குடம், டார்ச், கம்பளி வைத்திருக்கிறோம். நைலான் துணி உருகி உடம்பில் ஒட்டும், அது வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும், குழியறை கடைசிக்குக் கடைசி வழிதான். புகை தெரிந்ததுமே 101-க்குச் சொல்லிவிட்டு, மாடுகளை அவிழ்த்துவிட்டு, பாதை திறந்திருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். தீ மேட்டில் வேகமாக ஏறும், மலைப்பக்கம் ஓடவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் 23 பேரைப் பறிகொடுத்தோமே, நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. மலையைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம் வரும்.

குழியறையைவிடச் சுற்றுப்புறம்தான் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகிறது. உண்ணிச்செடி வேலியோரம் மண்டியிருந்தால், காற்றில் பறந்து வரும் ஒரு கங்கு போதும். மாசி பிறக்குமுன் அதை வேரோடு எடுத்துவிடுகிறோம். கூரையில் சருகு தங்க விடுவதில்லை.

போன தை மாதம் வாசலிலிருந்து குழியறை வரை அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்தேன். அவர் நடைக்கு இரண்டு நிமிடம் ஆனது. அந்த வழியில்தான், மாட்டுத் தீனிக்குக் காய்ந்த தட்டை அடுக்கிவைத்த எங்கள் சோளத்தட்டுப் போர் நின்றது. அன்று சாயங்காலமே ஆள் வைத்து அதைத் தோட்டத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டோம்.