விரதம் யார் வயிற்றில்?

நேயர்களுக்கு வணக்கம்.

மதம் சொல்லும் ஒழுக்கம் சமுதாயத்துக்கு நன்மையா, கேடா என்று பேச அழைத்திருக்கிறார்கள். பட்டிமன்றம் என்றால் ஏதாவது ஓர் அணியில் உட்கார்ந்துவிடலாம். நான் கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாள் தவறாமல் சாமி கும்பிடுகிறவள். வீடு வீடாக ஏறி இறங்கியபோது கண்ணால் கண்டதை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இன்றும் கோயில் காடுகள் நிற்கின்றன. உள்ளே போகும் முன் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அரிவாள் எடுத்துப் போகக் கூடாது. காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூட யாரும் அடுப்புக்குக் கொண்டுவர மாட்டார்கள். சுற்றியுள்ள நிலமெல்லாம் காப்பி, மிளகு, ஆரஞ்சு என்று மாறிய பிறகும், அந்தத் துண்டுக் காடு மட்டும் வேலியும் காவலாளும் இல்லாமல் பிழைத்திருக்கிறது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே இப்படிப்பட்ட காடுகளைக் காத்தது சாமி குத்தம் என்ற அச்சம். பயத்தால் வந்தது ஒழுக்கம் ஆகுமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யார்? சுள்ளியைத் தொடாமல் விட்டுவந்தவளே இன்னும் ஒரு மைல் நடந்து விறகு பொறுக்கினாள். அந்தக் காட்டின் ஊற்றுத் தண்ணீரை மட்டும் ஊரே குடித்தது.

தைப்பூசத்துக்கு மாலை போடும் காலத்தைச் சொல்கிறேன். அந்த நாட்களில் உதடு கிழிந்து, கன்னம் வீங்கி, "வழுக்கி விழுந்துவிட்டேன் சிஸ்டர்" என்று மருந்து போட வரும் பெண்கள் குறைந்துவிடுவார்கள். வேறு காரணம் ஒன்றும் இல்லை. கணவன் பழனிக்கு மாலை போட்டிருப்பான்; சாராயத்தைத் தொட மாட்டான். மாலையைக் கழற்றிய அன்றே மறுபடி குடிக்கப் போனவர்கள் உண்டு. அதோடு அடியோடு விட்டவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனதையும் பார்த்தேன். என் துறையின் துண்டுப் பிரசுரங்கள் அந்த வீடுகளில் இந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

அதே மலையில், அதே சாமியின் பெயரால் நடக்கிற இன்னொன்றும் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஊர் எல்லையில் தனியாக ஒரு வீடு. மாதவிலக்கான பெண்களும் பிள்ளை பெற்றவர்களும் தங்குவதற்காக. மண் தரை, ஓரத்தில் ஒழுகும் கூரை. கதவுக்கு உள் தாழ்ப்பாள் கிடையாது. மார்கழிப் பனியில் நான் போனபோது, பிறந்து சில நாளே ஆன குழந்தையோடு ஒரு பெண் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டேன்; சில்லென்று இருந்தது. பச்சைக் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து தொடங்கிவிடும். ஈரத் துணியை அவிழ்த்து, தாயின் மார்போடு தோல் ஒட்ட வைத்து, என் சால்வையைச் சுற்றி உட்கார்ந்தேன். குழந்தை பிழைத்தது.

வாசலில் இருந்து பத்தடி தள்ளி அந்தக் குழந்தையின் பாட்டி நின்றுகொண்டிருந்தார். சோற்றைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போயிருந்தார். "தீட்டும்மா. வீட்டுக்குள் சேர்த்தால் ஊருக்கே ஆகாது" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் கல்நெஞ்சக்காரி இல்லை. பேரப்பிள்ளையைத் தூக்க அந்தக் கைகள் துடித்ததைப் பார்த்தேன். அன்பான ஒரு கிழவியைப் பத்தடி தள்ளி நிறுத்தி வைக்க முடிந்ததே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இது நம் மலையில் மட்டும் இருப்பதல்ல. நேபாளத்தின் மேற்குப் பகுதியில் சௌபதி என்று இதற்குப் பெயர். குடிசைக்குள் குளிருக்கு மூட்டிய தீயின் புகையிலும் பாம்பு கடித்தும் பெண்கள் இறந்தார்கள். 2005-இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பிறகு 2017-இல் புதிய குற்றவியல் சட்டத்தில், பெண்ணை அப்படி ஒதுக்கிவைப்பவருக்கு மூன்று மாதம் வரை சிறை என்று எழுத வேண்டி வந்தது.

பக்தி தனிச்சொத்து, ஒழுக்கம் பொதுச்சொத்து என்றார் பெரியார். பக்தியுள்ள நான் அதை மனமார ஏற்கிறேன். விறகை விட்டுவந்தவளும் குடியை விட்டவனும் தங்கள் வயிற்றில் விரதம் இருந்தார்கள். அந்தத் தனி வீட்டிலோ, ஊரின் விரதத்தை ஒரு பச்சைக் குழந்தை இருந்தது. மத ஒழுக்கத்தில் நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு வேறு அளவுகோல் தேவைப்பட்டதில்லை. 1939 ஜூலை 8 அன்று ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போன வைத்தியநாத ஐயரும் பக்தர்தான். அதற்காகச் சொந்தச் சாதியாரின் பகையை அவரே தலையில் ஏற்றுக்கொண்டார்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் பெரியவர்கள் இந்தத் தனி வீடு பற்றிச் சாமியிடம் பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தது, வீட்டைப் பூட்டிவிட்டார்கள். மகிழ்ந்தேன். ஆனால் சிவப்புப் பூ வந்திருந்தால்? குழந்தையின் உயிரைப் பூவிடம் விட முடியாது. நம் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மத உரிமையைத் தரும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்று சொல்லித்தான் தருகிறது. அந்தச் "சுகாதாரம்" என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஊர்ப் பெரியவரிடமும் பேச நான் தயார்.

திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் போடப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரி, மேளம், அன்னதானம் எல்லாம் பேசி முடித்த கையோடு அந்த வீட்டைப் பற்றியும் பேசுங்கள். அதில் படுத்துக் கிடந்த பெண்களைக் கூட்டத்தில் உட்கார வைத்து, அவர்கள் சொல்வதை முதலில் கேளுங்கள். பிள்ளை பெற்றவள் இந்த மார்கழிக்கு வீட்டுக்குள் படுக்கட்டும்.

வணக்கம்.