'மத்தவங்க' என்று ஒரு பட்டாளம்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்திருக்கிற சபைக்கு ரெண்டு வணக்கம். முதல் உலகப் போரில் பிரிட்டன் ஊர் ஊராக நண்பர்களைச் சேர்த்து அமைத்த படைகள் பலமா, பாவமா? நான் பாவம் அணி. என்னைப் பார்த்தாலே தெரியும்.

எதிரணி அண்ணன் ஒரு குத்து விட்டார். "தம்பி டீக்கடைக்கே தனியாகப் போக மாட்டான், போருக்கு மட்டும் தனியாகப் போகச் சொல்கிறான்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். உண்மைதான் அண்ணே, தனியாகப் போனால் காசு நான் கொடுக்கணும். ஆனால் டீ நன்றாக இல்லை என்றால் பாதியில் வைத்துவிட்டு ரெண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பலாமே. பிரான்ஸில் சோம் என்கிற போர்க்களத்தில் அது நடக்குமா?

1914 ஆகஸ்ட் 28, லிவர்பூல். ஒரே ஆபீஸ் நண்பர்கள் தோளோடு தோள் நின்று சண்டை போடலாம், வாருங்கள் என்று டெர்பி பிரபு கூப்பிடுகிறார். சில நாளில் நாலு பட்டாளம். அந்த மனுஷனுக்கு நம் கூச்சம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதிகாரி வந்து கேட்டால் முடியாது என்று சொல்லலாம். பக்கத்து மேஜைக்காரன் பெயர் கொடுத்துவிட்டு வந்து "நீ வரலையா?" என்று கேட்டால் எந்த முகத்தோடு சொல்வது?

இப்போது ஹல் நகரத்துக்கு வாங்க. (நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.) துறைமுக ஊர், அங்கேயும் நாலு பட்டாளம். ஆபீஸ்காரர்களுக்கு 'கமர்ஷியல்ஸ்'. கைத்தொழில்காரர்களுக்கு 'ட்ரேட்ஸ்மென்'. விளையாட்டு வீரர்களுக்கு 'ஸ்போர்ட்ஸ்மென்'. நாலாவதுக்கு? எதிலும் அடங்காதவர்கள். ஊர் வைத்த பெயர், அவர்கள் பேச்சில் 'டதர்ஸ்', நம் பேச்சில் 'மத்தவங்க'!

சிரிக்காதீங்க, கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. ஒருத்தன் வரிசையில் நிற்கிறான். குமாஸ்தாவா? இல்லைங்க. தச்சனா? இல்லைங்க. பந்தாவது உதைப்பாயா? நான் உதைத்தால் செருப்புதாங்க போகும். சரி, நீ அந்தப் பக்கம் போ. வீட்டுக்கு வருகிறான், பெண்டாட்டி கேட்கிறாள், எந்தப் பட்டாளம்யா? "மத்தவங்க." கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன், அத்தை, சித்தப்பா எல்லாரையும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுக் கடைசி வரியில் 'மற்றும் உற்றார் உறவினர்' என்று போடுவோமே, அந்தக் கடைசி வரிக்குத் துப்பாக்கி கொடுத்துப் பிரான்ஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள் ஐயா! உயிரைக் கொடுக்கப் போகிற இடத்திலும் மத்தவங்க. எனக்கு அந்தப் பெயரைவிட்டு வெளியே வரவே முடியவில்லை.

அப்புறம் அண்ணன் சொன்னார், தெரிந்தவன் பக்கத்தில் நின்றால் ஓட மாட்டான் என்று. ஓடவில்லைதான். 1916 ஜூலை 1, அதே சோம் போர்க்களம், செர் என்கிற கிராமத்துக்கு எதிரே, இங்கிலாந்தின் அக்ரிங்டன் ஊர்க்காரர்கள் படையில் சுமார் 700 பேர் எழுந்து நடந்தார்கள். அரை மணி நேரத்தில் 584 பேர் செத்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். அதற்குப் பிறகு ராணுவமே இந்தப் படைகளின் காலி இடங்களுக்கு எந்த ஊர் ஆட்களையோ போட்டு நிரப்பியது. பலம் என்றால் ஏன் அண்ணே விட்டார்கள்?

சரி, மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிஷம்.

சிப்பாய் செத்தால் வீட்டுக்குத் தபாலில் அச்சடித்த படிவம் வரும். ஒரே தெருவில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்து போனார்களோ, அத்தனை வீட்டு வாசலையும் நினைத்துப் பாருங்கள். ஒரு அம்மா அடுத்த வீட்டு அம்மா மடியில் போய் அழவேண்டும். அந்த அம்மா கையிலும் அதே தாள் இருந்தால் யார் மடியில் யார் அழுவது? மத்தவங்களும் தப்பவில்லை ஐயா. அதே 1916 நவம்பர் 13, அதே செர் கிராமத்துப் பக்கம், ஹல்லின் ஸ்போர்ட்ஸ்மெனோடு மத்தவங்களும் போனார்கள். ஹல்லுக்கும் தபால் வந்தது.

அந்தத் தாளில் யாரும் 'மத்தவங்க' என்று எழுதவில்லை. அதில்தான் அவன் பெயரை முழுசாக எழுதியிருந்தார்கள்.

வணக்கம்.