தொண்ணூற்றில் நூறு இருக்குதுங்க டீச்சர்

(தாராபுரத்தில் ஒரு சனிக்கிழமை கூடிய தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடையே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

‘வகுப்பறை உத்திகள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போனால் நாம் என்ன கொண்டு போவோம்? நல்ல சார்ட், வண்ணக் காகிதத்தில் வெட்டிய எழுத்துப் பூ, பிள்ளைகள் கைதூக்கிப் பதில் சொல்லும் வீடியோ. எல்லாரும் கைதட்டுவோம், டீ குடிப்போம், கிளம்பிவிடுவோம். முப்பத்து நான்கு வருஷத்தில் ஒருவர்கூட “இந்தப் பாடம் எனக்கு ஊத்திக்கிச்சு” என்று ஒரு நோட்டை எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. நானும் வைத்ததில்லை. அதனால் இன்றைக்கு ஊத்திக்கொண்டதை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஈராசிரியர் பள்ளி. 1989-இல் நான் போய்ச் சேர்ந்தபோது அது பெரியார் மாவட்டம், அப்புறம் ஈரோடு மாவட்டம், 2009-க்குப் பிறகு திருப்பூர் மாவட்டம். பள்ளி நின்ற இடத்திலேயே நின்றது, ரப்பர் ஸ்டாம்பு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

அங்கே ஒரு பையன், இரண்டாம் வகுப்பு. அம்மா தேங்காய்க் களத்தில் பருப்பு உலர்த்தப் போகிறவர். கணக்கில் கெட்டிக்காரப் பையன். எண்களைச் சொல்லி எழுதச் சொன்னால் 89 வரைக்கும் அச்சடித்த மாதிரி எழுதுவான். தொண்ணூற்று ஒன்று என்றால் 901, தொண்ணூற்று இரண்டு என்றால் 902. நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். மறுநாளும் போட்டேன். பத்துத் தடவை 91 எழுதிவா என்று வீட்டுவேலையும் கொடுத்தேன். எழுதி வந்தான், அழகாக. வகுப்பில் கேட்டால் மறுபடி 901.

இரண்டு வாரம் இப்படியே ஓடிய பிறகு, ஒரு மத்தியானம் சத்துணவுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் சும்மா கேட்டேன்: “எப்படிக் கண்ணு அது 901 ஆச்சு?” அவன் தட்டை உதறிக்கொண்டே சொன்னான்: “தொண்ணூத்துல நூறு இருக்குதுங்களே டீச்சர்.”

நீங்களும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது என்று எல்லாம் ‘பது’வில் முடிகிறது. அடுத்தது திடீரென்று தொண்-நூறு. ஒன்பது பத்துக்கு நூறின் பெயர். அதே மாதிரி ஒன்பது நூற்றுக்கு ஆயிரத்தின் பெயர், தொள்ளாயிரம். ஒற்றை இலக்க ஒன்பதே ‘பது’ என்றுதான் முடிகிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்று ஒரு சொல் உண்டு, தொல்காப்பியத்திலேயே வருகிறது. அந்தச் சொல் இருந்த இடத்தில் ஒன்பது வந்து உட்கார்ந்துகொண்டது. பி.ஏ. தமிழ் படித்த எனக்கு இது தெரியும். ஆனால் ஏழு வயதுப் பையனின் 901-க்குள் இது இருக்கிறது என்று தெரியவில்லை. அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஒன்பது, நூறு, ஒன்று. நான்தான் இரண்டு வாரம் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் செய்தது சின்ன வேலை. சீமாத்துக் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். 91-ஐ எடுத்து வைக்கச் சொன்னேன். “ஒம்பது கட்டுங்க, ஒண்ணு உதிரிங்க.” நூறு எங்கேடா என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, “பேருல மட்டும்தான் இருக்குதுங்க” என்றான். அதற்குப் பிறகு தப்பே வரவில்லை. நான்காம் வகுப்புக்குப் போனதும் தானாகவே என்னிடம் வந்து கேட்டான்: “தொள்ளாயிரத்துலயும் இதே வேலைதானுங்களா டீச்சர்?”

இந்தக் குச்சிக்கட்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும், எந்தப் பயிற்சிக்குப் போனாலும் சொல்வார்கள். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. பீரோவில் இருந்தது. எப்போது எடுக்க வேண்டும் என்பது அவன் வாயிலிருந்துதான் வந்தது.

இன்னொரு நோட்டு. மூன்றாம் வகுப்பு, ‘விடுமுறையில் நான்’ என்று ஐந்து வரி. ஒரு பெண் எழுதியிருந்தாள்: “என்ற அப்பச்சி ஊட்டுக்குப் போனேன்.” நான் ‘என்’ என்று திருத்தினேன், ‘தாத்தா’ என்று திருத்தினேன், ‘வீட்டிற்கு’ என்று திருத்தினேன். நான்கு சொல்லில் மூன்றில் சிவப்பு மை. பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு மாதம் சொந்தமாக ஒரு வரி எழுதவில்லை, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினாள். யோசித்துப் பாருங்கள், நம் பக்கத்தில் அப்பச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர், அப்பாரு என்றால் அப்பாவைப் பெற்றவர். ‘தாத்தா’ என்றதும் அந்த விவரம் போய்விட்டது. நான் திருத்தியது அவள் எழுதியதைவிட மட்டம். பிற்பாடு கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஊட்டுப் பேச்சு, அந்தப் பக்கம் புத்தகப் பேச்சு என்று பிள்ளைகளையே எழுதவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காளிக்குப் புத்தகத்தில் என்ன என்று அரைமணி நேரம் சண்டை நடந்தது.

கடைசிப் பத்து வருஷத்தில் இன்னொரு மாற்றம். நூல் மில்லுக்கும் எண்ணெய் மில்லுக்கும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். உங்கள் பள்ளிகளிலும் இருப்பார்கள். அப்படி வந்த ஒரு பீகார்ப் பெண் ‘பம்பரம்’ என்று படித்தாள். இரண்டு ‘ப’வையும் ஒரே மாதிரி, பல்லுக்குச் சொல்கிற ‘ப’ மாதிரி. வகுப்பு சிரித்தது, நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். மறுபடி படிக்கச் சொன்னேன், அதே மாதிரிதான் படித்தாள். அவள் கேட்டாளே ஒரு கேள்வி: எழுத்து ஒன்றுதானே, ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறீர்கள்? அவள் ஊர் எழுத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. நமக்கு ஒன்றுதான். ‘ம்’முக்குப் பின்னால் வந்தால் நம் வாய் தானாகவே மாற்றிக்கொள்கிறது. இப்படி ஒரு விதியை நாம் கடைப்பிடிக்கிறோம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தம்பி, தங்கம், பந்து, வண்டி என்று ஒரு பட்டியல் போட்டுப் படிக்கவைத்தேன், ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். தீபாவளி முடிந்து சட் பூஜைக்கு ஊருக்குப் போனவள் மாதம் கழித்து வந்தாள், பாதி மறந்திருந்தது. சரி, மறுபடி ஆரம்பித்தோம்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். இரண்டு பேர், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால் ஒருவர், ஐந்து வகுப்பு. போதாததற்கு ஆப்பில் வருகை போட வேண்டும், சிக்னலுக்கு வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியாகப் பிரித்து, பிள்ளையை அதன் நிலையில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்தது. ஆனால் மதிப்பீட்டைப் போனில் ஏற்றும்போது பிள்ளை எதிரே நிற்கிறது, நாம் போனைப் பார்க்கிறோம். அது பிடிக்கவில்லை. காலை உணவுத் திட்டத்தைப் பற்றி ஒரே வரி: பத்தரை மணிக்கு “வயிறு வலிக்குதுங்க டீச்சர்” என்பது எங்கள் பள்ளியில் நின்றே போனது.

எனக்குக் கிடைத்த நேரம் ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, மூன்று நிமிஷம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வேன். திருத்த மாட்டேன். படித்தது என்ன, சொன்னது என்ன என்று நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொள்வேன். அப்புறம் “எப்படிக் கண்ணு?” என்று கேட்பேன். “ஏன்?” என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. தப்பு வரும்போது மட்டுமே ‘எப்படி’ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருநாள் 34-உம் 28-உம் கூட்டி 62 என்று சரியாக எழுதியிருந்த ஒரு பையனிடம், எந்த வழியில் போட்டான் என்று தெரிந்துகொள்ள, “எப்படிச் சாமி போட்ட?” என்றேன். உடனே ரப்பரை எடுத்து 62-ஐ அழித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அன்றிலிருந்து சரியான விடைக்கும் கேட்க ஆரம்பித்தேன். பழகுவதற்கு அவர்களுக்கு ஒரு மாதம் ஆனது.

கடைசியாக, இன்னும் எனக்கு விடை தெரியாத ஒன்று. இரண்டாம் வகுப்புப் பையன். கீழ்க்கரும்பலகையில் எந்தச் சொல்லை எழுதினாலும் படிப்பான். அட்டையில் படிப்பான். அதே சொல் புத்தகத்தில் இருந்தால் முடியாது. வரியின் நடுவிலிருந்து ஆரம்பிப்பான், அப்புறம் நின்றுவிடுவான். கண் பரிசோதனை செய்தோம், கோளாறு இல்லை என்றார்கள். எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன், மேலும் கீழும் காகிதம் வைத்து ஒரு வரியை மட்டும் காட்டினேன். கொஞ்சம் தேறினான். அதற்குள் அவன் அப்பா வேறு தறிக்கு மாறிப்போக, அரையாண்டில் டி.சி. வாங்கிப் போய்விட்டார்கள். என் நோட்டில் அவனுக்கு மூன்று பக்கம் இருக்கிறது. முடிவு இல்லை.

இதோ அந்த நோட்டு. இப்படி ஒரு பிள்ளையை நீங்கள் யாராவது பார்த்திருந்தால், டீ குடிக்கும்போது வந்து சொல்லுங்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.