மூணு மா நிலம், அம்மா பேரில்

காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வெண்மணிப் பக்கம் ஒரு வரப்பில் நிற்கிறேன். வெண்மணி என்றதும் உங்களுக்கு 1968 டிசம்பர் 25 ஞாபகம் வரும். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்த இரவு. காலையில் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். அங்கே கேமராவை எடுக்க மனசு வரவில்லை.

இன்றைக்குப் பேசப்போவது அப்புறம் நடந்ததை. செய்தி கேட்டு இங்கே வந்து தங்கியவர்கள் காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும். வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்து நிலம் கேட்டவர்கள். அப்படித் தானமாக வந்ததில் கல்லும் கரம்பும் நிறைய. அதனாலோ என்னவோ, 1981-ல் உழுகிறவர்களுக்கு நிலம் வாங்கித்தர லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கியபோது வேறு வழி பிடித்தார்கள். விற்கத் தயாராக இருக்கும் மிராசுதாரிடம் விலையைப் படியவைப்பது, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்வது, நிலமில்லாத குடும்பங்களுக்குத் தலா ஒரு ஏக்கர் எழுதிக்கொடுப்பது. டெல்டா கணக்கில் மூணு மா. விளைச்சலில் இருந்து தவணை கட்ட வேண்டும், இனாம் கிடையாது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன.

பத்திரம் பெண் பேரில்தான். ஏன் என்று இந்தப் பக்கம் விளக்கவே வேண்டாம், சாராயக்கடைக் கணக்கு எல்லா வீட்டுக்கும் தெரியும்.

ஒரு ஏக்கரை வைத்து என்ன செய்வது என்று கமெண்டில் கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்வி. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வராத வருஷம் கையைக் கடிக்கும். யாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் குதிரில் சொந்த நெல் இருக்கிறவள் நடவுக் கூலி பேசுகிற விதமே வேறு. எவ்வளவு கொடுத்தாலும் சரி என்று அவள் தலையாட்ட வேண்டியதில்லை.

கிருஷ்ணம்மாளுக்கு 2008-ல் 'மாற்று நோபல்' என்று சொல்கிற ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-ல் பத்மபூஷண் எல்லாம் வந்தன.

இங்கே களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, நான் டிரைபாடை ஊன்றியதும் எழுந்து வந்தார்.

"அளக்க வந்தியா தம்பி?"

"இல்லை பாட்டி, வீடியோ எடுக்கிறேன்."

"எடு. ஆனா இது விக்கிறதுக்கு இல்ல."

திரும்பிப் போய்க் குனிந்துவிட்டார்.